ஏரி மேல் ஒரு மீட்டிங்

நாலு மணி நேரம் மூச்சு வாங்க மலை ஏறி, இருபதே நிமிஷத்தில் இறங்கி வருவதற்காக ஒருவர் கைக்காசைச் செலவழிக்கிறார் என்றால், என்னைப் போன்ற பி.காம்.காரர்களுக்குக் கை துறுதுறுக்கும். வரவு என்ன, செலவு என்ன, கையிருப்பு எவ்வளவு? 'ஸ்கீ டூரிங்' என்ற விளையாட்டின் கணக்கை எந்த ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாலும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனாலும் ஒவ்வொரு குளிர்காலமும் ஆயிரக்கணக்கான பேர் கிளம்பிப் போகிறார்கள்.

சினிமாவில் நாம் பார்க்கிற ஸ்கீ வேறு ரகம். கம்பியில் தொங்குகிற நாற்காலியில் உட்கார்ந்தால் உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சறுக்கிக்கொண்டு இறங்கி, மறுபடி நாற்காலி. ஸ்கீ டூரிங்கில் நாற்காலி கிடையாது, ரோடு கிடையாது, டீக்கடை கிடையாது. ஏறுவது முழுக்க உங்கள் சொந்தக் காலில்.

வழுக்குகிற பலகையைக் கட்டிக்கொண்டு எப்படிய்யா ஏறுவது என்கிறீர்களா? பூனையைத் தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவினால் வழவழவென்று போகும். வாலிலிருந்து தலைக்குத் தடவினால் ரோமம் எதிர்த்து நிற்கும் (பூனையும் பிறாண்டும்). அதே தத்துவம்தான். பலகையின் அடியில் ரோமப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொள்கிறார்கள். முன்னால் நகரும், பின்னால் வழுக்காது. ஒரு காலத்தில் சீல் என்ற கடல் பிராணியின் தோல். இப்போது அங்கோரா ஆட்டு ரோமம் அல்லது நைலான். ஏறும்போது குதிகால் தூக்கித் தூக்கி நடக்க வசதியாக விடுபட்டிருக்கும். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துப் பைக்குள் போட்டு, குதிகாலைப் பூட்டினால்... சர்ர்ர்ர்!

இதற்குப் பேர் போன இடங்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடர். அங்கே டாஹோ ஏரிக்குத் தென்மேற்கே டெஸலேஷன் வில்டர்னஸ் என்று ஒரு வனப்பகுதி. மலை இடுக்கெல்லாம் ஏரிகள். குளிர்காலத்தில் எக்கோ ஏரிகள் கெட்டியாக உறைந்ததும், அதன் மேலேயே பலகையில் நடந்து அலோஹா ஏரி வரை போகிறார்கள். பக்கத்திலேயே 9,983 அடிக்குப் பிரமிட் சிகரம். பெரிய அண்ணன் டாஹோ மட்டும் உறைவதில்லை. 1,645 அடி ஆழம். உறையச் சொன்னால் எப்படி உறையும்? சுற்றிலும் வெள்ளை, நடுவில் நீலம். மேலே நின்று பார்த்தவர்களுக்குச் செலவுக் கணக்கு மறந்துபோகும் என்பதை நம்புகிறேன்.

இந்தப் பக்கத்து மலைகளைப் பொழுதுபோக்குக்காக அல்லாமல் உத்தியோகத்துக்காகத் தாண்டியவர் ஒருவர் உண்டு. ஜான் தாம்ஸன், நார்வேயில் 1827-ல் பிறந்தவர். 1856-லிருந்து இருபது குளிர்காலம், பிளேசர்வில் ஊரிலிருந்து மலைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜெனோவாவுக்குத் தபால் மூட்டை சுமந்தார். சுமார் 90 மைல். போக மூன்று நாள், வர இரண்டு நாள். பத்தடி நீளப் பலகை, கையில் ஒற்றைக் கம்பு. இதற்கு அவருக்குச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? பூஜ்யம்! வாஷிங்டன் வரை போய்க் கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. 1876-ல் இறந்தும் போனார். நமக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் ஏழாம் தேதி வந்தாலே ரத்த அழுத்தம் ஏறுகிறது.

தாம்ஸனுக்கு இருந்த ஒரே சௌகரியம், அவர் தனி ஆள். எங்கே ஏறுவது, எங்கே திரும்புவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. இன்றைக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. விஷயமே இனிமேல்தான் இருக்கிறது.

மலை ஏரிகள் பெரும்பாலும் ஒரு கிண்ணத்தின் அடியில் கிடக்கின்றன. பழங்காலத்துப் பனியாறு குடைந்துவிட்டுப் போன கிண்ணம். ஏரி வரைக்கும் வழி ஓரளவு சுலபம். அதற்கு அப்புறம் மூன்று பக்கமும் செங்குத்து. ஆகவே எல்லோரும் ஏரி மேல் நின்று, ரொட்டியைக் கடித்துக்கொண்டு, அண்ணாந்து பார்த்து முடிவு பண்ண வேண்டும்: மேலே போவதா, திரும்புவதா? அதாவது ஏரிதான் மீட்டிங் ஹால்.

அண்ணாந்து பார்ப்பது எதை? பனிச்சரிவு வருமா என்பதை. மேஜை மேல் சர்க்கரையைப் பரப்பி, அதன் மேல் ஒரு கண்ணாடித் தட்டை வையுங்கள். மேஜையைச் சாய்த்து, தட்டை லேசாகத் தட்டுங்கள். மொத்தமும் சரிந்து மடியில் விழும் (வீட்டில் ஆள் இல்லாதபோது செய்யவும்). மலையிலும் அப்படித்தான். அடியில் சர்க்கரை மாதிரி உதிரிப் பனி, மேலே காற்று அடித்துக் கெட்டிப்பட்ட பாளம். சரிவு 30 முதல் 45 டிகிரி இருந்தால் தட்டுவதற்கு ஓர் ஆள் போதும். உயிர்ப்பலி வாங்கிய பனிச்சரிவுகளில் பத்துக்கு ஒன்பதைக் கிளப்பிவிட்டவர், மாட்டிக்கொண்டவரோ அவர் கூட வந்தவரோதான்.

புதைந்தவரைப் பத்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் மூன்று பேர். அதனால் ஒவ்வொருவரிடமும் சிக்னல் அனுப்புகிற சின்ன ரேடியோ, குத்திப் பார்க்க நீளக் கம்பி, தோண்ட ஒரு ஷவல். ஹெலிகாப்டர் வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். காப்பாற்ற வேண்டியவர் பக்கத்தில் நிற்பவர். தனியாகப் போகாதே என்று தலைதலையாக அடித்துக்கொள்வது இதனால்தான்.

சரி, கூட்டமாகப் போனால்? அங்கேதான் வில்லன் வருகிறான். இயான் மக்காமன் என்ற ஆராய்ச்சியாளர் அமெரிக்காவில் 1972-லிருந்து 2003 வரை நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை எடுத்து அலசினார். மாட்டிக்கொண்டவர்கள் பனி தெரியாத அப்பாவிகள் என்றுதானே நினைப்போம்? பயிற்சி எடுத்தவர்கள் நிறையப் பேர். அபாய அறிகுறிகள் கண்ணுக்கெதிரே இருந்திருக்கின்றன. கவிழ்த்தது பனி இல்லை, மனசு. அவர் சொன்ன ஆறு பொறிகளை நம் பாஷையில் சொல்கிறேன். உங்கள் ஆபீஸ் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பல்ல:

'நமக்குப் பழகின இடம்தானே?'

'முடிவு பண்ணியாச்சு, இனிமே மாத்தறதாவது!'

'அந்தப் பொண்ணு பார்க்கிறப்ப பின்வாங்கினா என்ன நினைப்பா?'

'ஸாருக்குத் தெரியாததா? ஸாரே போறார்.'

'நாலு பேர் முன்னாடி போயிருக்காங்களே.'

'இன்னிக்கு விட்டா இந்தப் புதுப் பனி கிடைக்காது.' (முதல் நாள், முதல் ஷோ!)

2012 பிப்ரவரி 19. வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்டீவன்ஸ் பாஸ் மலையின் பின்பக்கம், டனல் க்ரீக் என்ற சரிவு. முந்தின ராத்திரிகளில் புதுப் பனி கொட்டியிருந்தது. பனிச்சரிவு எச்சரிக்கையும் வந்திருந்தது. இறங்கக் கிளம்பியவர்கள் 16 பேர். எல்லாம் கில்லாடிகள். தொழில்முறை வீரர்கள், ஸ்கீ பத்திரிகைக்காரர்கள், உள்ளூர் அனுபவசாலிகள். பாளம் உடைந்தது. மூன்று பேர் செத்துப்போனார்கள்.

பிழைத்தவர்களில் சிலர் பிற்பாடு சொன்னதுதான் மனசைப் பிசைகிறது. இத்தனை பேர் ஒன்றாகப் போவது சரியில்லை என்று உள்ளுக்குள் தோன்றியிருக்கிறது. ஆனால் இத்தனை பெரிய ஆட்கள் நடுவில் எப்படிச் சொல்வது என்று வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்றவருக்கும் அதே நினைப்பு. அவரும் சொல்லவில்லை. தனியாகப் போனால் தோண்டி எடுக்க ஆள் இல்லை. கூட்டமாகப் போனால் வாயைத் திறக்க ஆள் இல்லை!

இப்போது பனிச்சரிவு வகுப்புகளில் ஒரு விதியைச் சொல்லித் தருகிறார்கள். குழுவில் எல்லோருக்கும் வீட்டோ அதிகாரம் உண்டு. நேற்று சேர்ந்த பையன் 'எனக்கு என்னவோ சரியாப் படலை' என்றால் போதும், திரும்ப வேண்டியதுதான். ஓட்டெடுப்பு இல்லை, விளக்கம் கேட்கக் கூடாது, அப்புறம் கேலியும் செய்யக் கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டம். ஏனென்றால் 'வேண்டாம்' என்றவர் சொன்னது சரி என்று நிரூபணமே ஆகாது. திரும்பி வந்தபின் அந்தச் சரிவு சாயங்காலம் வரை சமர்த்தாக அப்படியே நிற்கும். எல்லோரும் அவரைத்தான் முறைப்பார்கள். 'உன்னாலதான்டா ஒரு நல்ல நாள் வீணாப் போச்சு.' மூன்று உயிர் மிச்சமாகியிருக்கலாம். யாருக்குத் தெரியும்? நான் படித்த கணக்குப் பதிவியலில் வரவுக்கு ஒரு பக்கம், நஷ்டத்துக்கு ஒரு பக்கம். வராமல் போன நஷ்டத்துக்கு லெட்ஜரில் பக்கமே கிடையாது. அதனால்தான் 'வேண்டாம்' என்பவருக்கு மலையிலும் மரியாதை இல்லை, ஆபீஸிலும் இல்லை.

நம்மில் முக்கால்வாசிப் பேர் ஜென்மத்தில் ஸ்கீ கட்டப் போவதில்லை. ஆனால் வாரா வாரம் ஏரி மேல் நிற்கிறோம். மானேஜர் ஏதோ ஒரு திட்டம் சொல்கிறார். பன்னிரண்டு தலைகள் ஆடுகின்றன. அதில் ஏழு தலைக்குள் 'இது உருப்படாது' என்று ஓடுகிறது. அடுத்த திங்கட்கிழமை, சமோசா வருவதற்குள் ஒரு தடவை கையைத் தூக்கிப் பாருங்கள் ஸார். அங்கே பனி எதுவும் சரியாது. அதிகபட்சம் இன்க்ரிமென்ட்தான் சரியும்.