துவைத்த கவசம்

கரமனையில் நம் அன்பர்கள் சிலர் வீட்டுக் கொடியில் கொரோனா காலத்து என்-95 முகக்கவசம் இன்னும் காய்கிறது. சோப்புப் போட்டுத் துவைத்திருக்கிறார்கள்!

95 என்பது, சோதனையில் அது குறைந்தது எத்தனை சதவீதத் துகள்களைத் தடுக்க வேண்டும் என்ற கணக்கு. நிமிடத்துக்கு 85 லிட்டர் காற்றில் சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ள உப்புத் துகள்களைக் கலந்து செலுத்திப் பார்ப்பார்கள். பெரிய துகள் இழையில் மோதி நிற்கும். மிகச் சிறியது தாறுமாறாக அலைந்து ஒட்டிக்கொள்ளும். இந்த நடுத்தரம்தான் நழுவும். அதை இழுத்துப் பிடிக்கவே இழையில் மின்னூட்டம் ஏற்றியிருக்கிறது. சோப்போ ஸ்பிரிட்டோ பட்டால் அது குறைந்துவிடும். பார்வைக்கு என்னவோ புதுசாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. சோதனையில் விளிம்பைச் சுற்றி அடைத்துவிட்டு அளக்கிறார்கள். நம் மூக்கோரத்து இடைவெளியை யார் அடைப்பது? ரயில்வேயில் வாக்குவம் பிரேக் பார்த்தவன் நான். குழாய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஹோஸ் இணைப்பு கசிந்தால் வாக்குவம் ஏறாது, வண்டி நகராது.

கோழிக்கோட்டில் 2018இல் வந்த நிப்பா 2023இல் மறுபடியும் வந்தது. சங்கம் இனிக் கவசம் வழங்குவதானால் ஐ.எஸ். 9473, எஃப்.எஃப்.பி.2 என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்கட்டும். சரியாகப் போட்டுக் காட்டவும் ஓர் ஆளை நிறுத்தட்டும். நான் வரத் தயார்.