சக்கர நாற்காலி சரக்கா?

ஒரு திங்கட்கிழமை காலை நாம் நேரில் கண்ட காட்சி இது. தரங்கம்பாடிப் பக்கத்து மீனவக் கிராமத்தைச் சேர்ந்தவர்; இரு கால்களும் விளங்காதவர். மயிலாடுதுறை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கப் புறப்பட்டு நின்றார். பஸ் வந்தது. முதற் படியே முழங்காலுக்கு மேல். மடக்கிய சக்கர நாற்காலியைக் கண்டதும், "வைக்க இடமில்லை, வைத்தாலும் லக்கேஜ் போட வேண்டும்" என்று பதில் வந்தது. முடிவில் நாற்காலி டீக்கடை ஓரத்தில் நின்றது. மனிதரை மட்டும் இருவர் தூக்கி ஏற்றினார்கள். மயிலாடுதுறையில் இறங்கிய பின் அவர் எப்படி நகர்ந்திருப்பார்? கைகளை ஊன்றித் தவழ்ந்துதான்!

தூக்கிவிட்ட இருவரில் கண்டக்டரும் ஒருவர். அந்தத் தொழிலாளி மீது நமக்குக் கோபமில்லை. நேரத்துக்கும் வசூலுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியவர் அவர்; பஸ்ஸை அப்படிக் கட்டச் சொன்னவர் அவரல்ல.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் மாற்றுத்திறனாளிகளுக்கும், துணைக்கு வருபவர் ஒருவருக்கும் 2021ல் இலவசப் பயணம் அறிவிக்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால் ஏற முடியாத பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் யாருக்கு என்ன பயன்? துணைக்கு வருபவருக்கு அன்றைய கூலி போயிற்றே, அதை யார் கொடுப்பது? போதாக்குறைக்கு, 2017ல் ஜி.எஸ்.டி. வந்தபோது சக்கர நாற்காலிக்கும் ஊன்றுகோலுக்கும் 5 சதவீத வரி போட்டது மத்திய சர்க்கார். நடப்பதற்கு வரி!

சட்டம் இல்லாமலில்லை. 2016ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41வது பிரிவு, பஸ் நிலையம், ரயில் நிலையம், வாகனம் எல்லாவற்றையும் அவர்கள் பயன்படுத்த வகை செய்ய வேண்டும் என்கிறது. பழைய வாகனங்களை மாற்றியமைக்கும் விஷயத்தில் மட்டும் "கட்டுப்படியானால்" என்று ஒரு சந்து விட்டிருக்கிறது. புதிதாக வாங்கும் பஸ்ஸுக்கு அந்தச் சாக்குக் கிடையாது. விதிகள் வெறும் சிபார்சாக இருந்தால் போதாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பர் 8ந் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்து, மூன்று மாத கெடுவும் விதித்தது.

முடியாத காரியமா? மாற்றுத்திறனாளிகள் ஐகோர்ட் படியேறிப் போராடிய பிறகு, 2024 ஆகஸ்டில் சென்னையில் 58 தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. தரைமட்டம் 40 சென்டிமீட்டர்தான்; சாய்தளத்தை விரித்தால் நாற்காலி உருண்டு உள்ளே போகும். சென்னையில் உருளும் சக்கரம் காவிரிக் கடைமடையில் உருளாதா? ரோடு சரியில்லை என்பார்கள். ரோடு போடுவது யார்?

ரயிலில் தனிப் பெட்டி உண்டு, கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால் ரயில் நிற்கும் மயிலாடுதுறைக்குச் சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸில்தானே போக வேண்டும்! 1926 முதல் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு வழியாகத் தரங்கம்பாடிக்கே வந்துகொண்டிருந்த மீட்டர்கேஜ் ரயிலை 1986ல் நிறுத்திவிட்டார்கள்.

கண்ணிழந்தவர் கதை வேறு. முதல் உலக யுத்தத்தில், முதலாளிகளின் சந்தைப் போட்டிக்காகப் பார்வையைப் பறிகொடுத்த சிப்பாய்களுக்கு வழிகாட்ட நாய்களைப் பழக்கும் பள்ளி, 1916ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் திறக்கப்பட்டது. பல தேசங்களில் அந்த நாய் எஜமானருடன் பஸ்ஸிலும் ரயிலிலும் உரிமையோடு ஏறுகிறது. நம் பக்கத்தில்? ஒரு சிறு பிள்ளையின் தோள்தான் வழிகாட்டி. அந்தப் பிள்ளை அன்று பள்ளிக்கூடம் போவதில்லை. பழக்கிய நாய் ஒன்று நாளை இங்கே வந்தாலும், அதைப் பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா என்பது சந்தேகமே.

சர்க்காரைக் கேட்கிறோம்: தரங்கம்பாடி - மயிலாடுதுறை மார்க்கத்துக்கு அடுத்து வாங்கும் பஸ்கள் தாழ்தளப் பஸ்களாக இருக்கட்டும். அதுவரை, ஓடும் ஒவ்வொரு பஸ்ஸிலும் நாற்காலிக்கு இடம் ஒதுக்கி, லக்கேஜ் கேட்கக் கூடாதென்று எழுத்தில் உத்தரவு போட்டு, அதைப் பஸ்ஸுக்குள்ளேயே ஒட்டுங்கள். கண்டக்டருக்கும் அது பாதுகாப்பு. மூடிய ரயில் பாதையைத் திறவுங்கள். சக்கர நாற்காலி மீதான வரியை அடியோடு ரத்து செய்யுங்கள்.