கிண்டல் பண்ணவாவது பிரிண்ட் வேணுமே!

'ஷிராஸ்' என்ற 1928-ம் வருஷத்து ஊமைப்படத்தைப் பற்றி போன வாரம் கிளாஸில் வாய் விட்டுவிட்டேன். "மேடை நாடகத்தை அப்படியே படமா எடுத்திருக்கான், அதுவும் பொய் சரித்திரம். இதெல்லாம் இருந்தா என்ன, போனா என்ன?" என்றான் ஒரு நண்பன். மணி அடித்துவிட்டதால் பதில் இங்கே.

பொய் சரித்திரம்தான், ஒத்துக்கறேன். நிரஞ்சன் பால் எழுதிய நாடகத்தில் தாஜ்மஹாலை வடிவமைப்பவன் ஒரு குயவன் மகன். கூடவே வளர்ந்தவள் மும்தாஜ் ஆகிவிடுகிறாள். கட்டியவன் கண்ணைப் பறிக்க ஷாஜகான் உத்தரவு போடும்போது அவனுக்கு ஏற்கனவே பார்வை போயிருக்கிறது. சரியான டிராமா! ஆனால் பின்னால் நிற்பது படுதா இல்லை, நிஜ தாஜ்மஹால். நாடகக் கொட்டகையால் அதைக் காட்ட முடியுமா?

இந்தப் படம் பிழைத்தது லண்டனில். அங்கே பத்திரமாக வைத்திருந்து, 2017-ல் புதுப்பித்து, அனுஷ்கா சங்கர் இசையோடு திரையிட்டார்கள்.

இப்ப நம்ம கதைக்கு வாங்க. எங்க கரிக்கலாம்பாக்கம் பக்கத்துக் கூத்துகளில் கீசகனை எத்தனை ராத்திரி கொன்றிருப்பார்களோ! அதே கதையைத்தான் 1910-களின் கடைசியில் சென்னையில் நடராஜ முதலியார் 'கீசக வதம்' என்று படமாக்கினார். தென்னிந்தியாவின் முதல் முழுநீளப் படம். கதையைச் சொன்னது பம்மல் சம்பந்த முதலியார். உதவிக்கு, சுகுண விலாச சபையில் பெண் வேஷம் கட்டிய வக்கீல் ரங்கவடிவேலு. முதலீடு சுமார் 35,000 ரூபாய், வசூல் 50,000 என்கிறார்கள். லாபக் கணக்கு கையில் இருக்கிறது, படத்தில் ஒரு அடிகூட இல்லை.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்குப் புரியும். ஓடி முடிந்த பிரிண்டுக்கு மதிப்பு பூஜ்யம், பிலிமில் ஒட்டியிருக்கும் வெள்ளிக்கு மட்டும் விலை உண்டு. அப்படி உருக்கி விற்றவை ஏராளம். இந்தியாவில் எடுத்த 1,300-க்கும் மேற்பட்ட ஊமைப்படங்களில் முப்பதுகூட மிஞ்சவில்லை. புனேயில் ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான். அதற்குள் ஊமைப்பட காலம் முடிந்தே முப்பது வருஷம்.

"முதல் படம்" என்று பெருமை பேச மட்டும் நாம் ரெடி. நாடகத்தனம் என்று தாராளமாக கிண்டல் பண்ணுங்க நண்பரே. அதற்காவது படம் வேணுமா இல்லையா?

போன வருஷம் எங்க ஊர்க் கூத்தை விடிய விடிய போனில் எடுத்தேன். மெமரி ஃபுல் ஆனதும் ஒரு கல்யாண வீடியோவுக்காக அழித்ததும் நான்தான். பின்னூட்டத்தில் திட்டுகிறவர்கள் என்னையும் சேர்த்தே திட்டலாம்.