வயதுக்கு மீறிய பாட்டு அல்ல

சின்ன வயதில் ஒருவர் நல்ல பாட்டு எழுதிவிட்டால் நம் வாயில் முதலில் வருவது ‘இந்த வயசுலேயே இப்படியா!’ என்பதுதான். பாராட்டாகத்தான் சொல்கிறோம். ஆனால், அந்தப் பாராட்டில் பாட்டைவிடப் பிறந்த தேதிக்கே மதிப்பு அதிகம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த எல்லா யெலிச்-ஓ’கானர் என்ற மாணவி, ‘லோர்ட்’ என்ற மேடைப் பெயரில் ‘பியூர் ஹீரோயின்’ என்ற தன் முதல் ஆல்பத்தை 2013 செப்டம்பர் 27 அன்று வெளியிட்டார். பதினேழு வயது நிறைய அவருக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. ‘வயதுக்கு மீறிய முதிர்ச்சி’ என்ற பட்டம் அன்று அவர்மீது ஒட்டியது, இன்றுவரை உரியவில்லை. அந்தப் பட்டம் தவறு என்பதே என் வாதம். பதினாறு வயதில் நின்று பார்த்தால் மட்டுமே தெரிகிற சிலவற்றை அந்த வயதிலேயே, அந்த வயதின் குரலிலேயே எழுதியதால்தான் ‘பியூர் ஹீரோயின்’ சிறந்த ஆல்பம் ஆனது. பெரியவர்போல் எழுதியிருந்தால் அது பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும்.

அந்த ஆல்பம் உருவான கதையே இதற்கு முதல் சான்று. பள்ளியில் நடந்த திறன் போட்டியில் பன்னிரண்டு வயதில் அவர் பாடிய வீடியோ, யுனிவர்சல் இசை நிறுவனத்தின் ஸ்காட் மக்லாக்லன் கைக்குப் போனது. வேறு பாடகர்களின் பாடல்களைத்தான் அன்று அவர் பாடியிருந்தார். நிறுவனத்துக்குத் தோன்றிய யோசனையும் அதே வழியில்தான் போனது: பழைய சோல் பாடல்களை இந்தக் குரலில் பாடவைத்து ஒரு தொகுப்பாகப் போட்டுவிடலாம். வியாபாரக் கணக்கில் அதில் பிழை இல்லை. பெரியவர்களின் துயரத்தைச் சிறுமி ஒருத்தி பாடினால் கேட்பவர்கள் வியக்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர் சம்மதிக்கவில்லை. தன் பாட்டைத் தானே எழுத வேண்டும் என்று நின்றார். எழுத்து கைவருவதற்குச் சில ஆண்டுகள் ஆயின. பல பாடலாசிரியர்களோடு உட்காரவைத்துப் பார்த்தார்கள், ஒத்துவரவில்லை. கடைசியில் ஆக்லாந்தில் சிறிய ஸ்டுடியோ வைத்திருந்த ஜோயல் லிட்டில் என்ற இசைக்கலைஞரோடு கூட்டு அமைந்தது. 2012 நவம்பரில் ஐந்து பாடல்கள் கொண்ட ‘தி லவ் கிளப்’ இணையத்தில் இலவசமாகவே வெளியானது. அந்த ஐந்தில் ஒன்று ‘ராயல்ஸ்’.

‘ராயல்ஸ்’ பாட்டின் விதை ஒரு பழைய பத்திரிகைப் படம். 1976இல் ‘நேஷனல் ஜியாகரஃபிக்’ இதழில் வந்த அந்தப் படத்தில், கன்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் பேஸ்பால் வீரர் ஜார்ஜ் பிரெட் ரசிகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவர் சட்டையில் இருந்த அந்த ஒரு சொல் பிடித்துக்கொள்ள, பதினைந்து வயதுப் பெண் வீட்டில் உட்கார்ந்து அரை மணி நேரத்தில் வரிகளை எழுதிவிட்டார். பிறகு, பள்ளி விடுமுறை நாட்களில் பாட்டு பதிவானது. அதைக் கேட்டுப் பாருங்கள்: விரல் சொடுக்கும் சத்தம், கனத்த ஒரு தாளம், அடியில் கொஞ்சம் பேஸ்; அவ்வளவுதான். கிடார் இல்லை, வயலின் கூட்டம் இல்லை. பல்லவி வரும்போது பாட்டை நிறைக்க வருவதும் வேறு கருவி அல்ல. அவருடைய குரலையே திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்கிய கோரஸ்தான். ஆடம்பரத்தைப் பற்றிய பாட்டு, ஆடம்பரமே இல்லாத ஒலியில் வருகிறது. அமெரிக்காவின் பில்போர்டு தரவரிசையில் அது 9 வாரம் முதலிடத்தில் இருந்தது. 2014 ஜனவரியில் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருதும் பெற்றது.

இந்தப் பாட்டில் தமிழ் வாசகர் சட்டென்று கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. இதில் ‘நான்’ என்ற சொல்லைவிடப் பன்மைதான் ஓங்கி ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பன்மைக்கு ஒரே சொல்தான். கேட்பவரும் அதில் சேர்த்தியா இல்லையா என்பது தெரியாது. தமிழில் சொல்லப்போனால் உடனே முடிவெடுத்தாக வேண்டும்: ‘நாங்கள்’ என்பதா, ‘நாம்’ என்பதா? பாட்டைக் கூர்ந்து கேட்டால் விடை கிடைக்கிறது. அது ‘நாங்கள்’தான். திரையில் வைரமும் சொகுசுக் காரும் பார்த்துப் பார்த்து, தங்கள் தெருவில் அவற்றில் ஒன்றைக்கூடக் காணாத ஒரு நட்புக் கூட்டம், திரைக்குள் இருப்பவர்களைப் பார்த்துச் சொல்கிற ‘நாங்கள்’. காதல் பாட்டின் ‘நான்-நீ’ இணைக்குப் பழகிய பாப் இசையில் இது அரிது. இந்தச் சொல் பதினாறு வயதுக்கே உரியது. முப்பது வயதில் நண்பர்கள் ஆளுக்கொரு ஊரில், ஆளுக்கொரு கவலையோடு இருப்பார்கள். நட்புதான் ஊர், நட்புதான் நாடு என்று இருப்பது பள்ளிப் பருவத்தின் கடைசி ஓரிரு ஆண்டுகளில் மட்டுமே. அந்த ஆண்டுகள் முடிவதற்குள் ஒருவர் அதை எழுதிவிட்டார்.

ஆல்பத்தின் மற்ற பாடல்களும் இதையே உறுதி செய்கின்றன. ‘டீம்’ என்ற பாட்டு, எந்தப் படத்திலும் வராத ஊர்களில் வாழ்கிறவர்களைப் பற்றியது. அன்று நியூசிலாந்தின் மொத்த மக்கள்தொகையே 45 லட்சத்துக்குள்தான். உலகத்தின் பாட்டும் படமும் வேறெங்கோ உருவாகி அங்கே வந்து சேரும். அங்கிருந்து திரும்பிப் போவது குறைவு. அந்த ஏக்கமும் அதற்குள் இருக்கிற பெருமிதமும் ‘டீம்’ பாட்டில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. ‘ரிப்ஸ்’ இதைவிட ஆழமானது. பெற்றோர் ஊரில் இல்லாத ஓர் இரவில் வீட்டில் நண்பர்களோடு நடந்த விருந்தும், அதன் நடுவே மனதைக் கவ்வுகிற, வயதாகிவிடுமே என்ற பயமும்தான் அந்தப் பாட்டு. சொற்கள் இல்லாத குரலடுக்கு ஒன்று மெல்ல எழுகிறது. தாளம் உடனே வருவதில்லை; தொலைவில் கேட்கத் தொடங்கி, பாட்டோடு சேர்ந்து நெருங்குகிறது. பதினாறு வயதுக்கு முதுமையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கத் தோன்றும். முதுமையைப் பற்றி ஒன்றும் தெரியாதுதான். ஆனால், சிறுபிள்ளைப் பருவம் கையை விட்டுப் போகிற கணம் எப்படி இருக்கும் என்று அந்த வயதைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. பெரியவர்கள் அதை நினைவாக எழுதுகிறார்கள். நினைவில் இனிப்பு ஏறிவிடுகிறது. ‘ரிப்ஸ்’ பாட்டில் இனிப்பு குறைவு, பயம் அதிகம். அது உண்மைக்கு நெருக்கமாக இருப்பது அதனால்தான்.

இதற்கு மறுப்புகள் உண்டு. முதலாவது: பின்னால் ஒரு பெரிய நிறுவனமும் அனுபவமுள்ள இசையமைப்பாளரும் இருக்கும்போது எல்லாப் பெருமையும் அந்தப் பெண்ணுக்கு எப்படிப் போகும்? நியாயமான கேள்வி. ஆல்பத்தின் பத்துப் பாடல்களிலும் ஜோயல் லிட்டில் பெயரும் சேர்ந்தே இருக்கிறது; அவர் பங்கைக் குறைத்துச் சொல்வது தவறு. ஆனால், லிட்டில் முன்பு இருந்தது துள்ளலான பாப்-பங்க் இசைக்குழுவில். அந்த இசைக்கும் இந்த ஆல்பத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. வரிகளும் பார்வையும் அந்தப் பெண்ணிடமிருந்து வந்தன. அவற்றுக்கு இடம்விட்டு ஒதுங்கி நிற்கிற ஒலியை லிட்டில் கொடுத்தார். மூத்தவர் ஒருவர் தன் திறமையைக் காட்டாமல் அடக்கி வைத்ததும் இந்த ஆல்பத்தின் வெற்றிக்குக் காரணம். இளையவர்களோடு வேலை செய்கிற எல்லோருக்கும் அதில் பாடம் இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. ‘ராயல்ஸ்’ பாட்டில் கேலிக்கு ஆளாகும் தங்கப் பல், குறிப்பிட்ட கார்கள், மதுவகைகள் பெரும்பாலும் கறுப்பின மக்களின் ஹிப்-ஹாப் பாடல்களோடு சேர்த்துப் பேசப்படுபவை. செல்வத்தைக் கேள்வி கேட்க வேண்டுமென்றால் வங்கி முதலாளிகளை விட்டுவிட்டு இவர்களை ஏன் குறிவைக்க வேண்டும் என்று 2013இலேயே அமெரிக்காவில் விமர்சனம் எழுந்தது. ஓட்டல் அறையை அடித்து நொறுக்குகிற ராக் பாடகர்களையும் பாட்டு விட்டுவைக்கவில்லை என்று பதில் சொன்னவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பல தலைமுறை எல்லாம் மறுக்கப்பட்ட மக்கள் தங்கம் அணிவதற்கும், பரம்பரைச் செல்வந்தர் தங்கம் அணிவதற்கும் பொருள் ஒன்றல்ல. போதாக்குறைக்கு, ஆல்பத்தின் தாளம் பல இடங்களில் அதே ஹிப்-ஹாப்பிடம் வாங்கிய கடன். வசதிக் குறைவு இல்லாத கடலோரப் புறநகரில், கவிஞரான தாய்க்கு மகளாகப் புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்த பெண்ணுக்கு இந்த வேறுபாடு பிடிபடவில்லை. இது பாட்டின் குறைதான். குறை என்று சொல்வதே அதற்குச் செய்கிற மரியாதையும்கூட. ‘சின்னப் பெண்தானே, விட்டுவிடுங்கள்’ என்று சலுகை காட்டத் தொடங்கினால் அதன் நிறைகளையும் சலுகையாகத்தான் கொடுத்ததாக ஆகும்.

மூன்றாவது: பகட்டு வேண்டாம் என்று பாடியவர் அந்தப் பாட்டாலேயே புகழும் பணமும் அடைந்துவிட்டாரே, அப்போது பாட்டு பொய்யாகிவிடாதா? ஆகாது. ஒரு பாட்டு, எழுதிய நேரத்து உண்மைக்குத்தான் கட்டுப்பட்டது. அரச குடும்பங்கள், பிரபுக்கள் கதைகள்மீது இருந்த ஈர்ப்பால்தான் ‘லார்ட்’ என்ற சொல்லோடு ஒரு எழுத்தைச் சேர்த்து அவர் தன் பெயரை அமைத்துக்கொண்டார். அரண்மனை வேண்டாம் என்று பாடுகிறவருக்கு அரண்மனைமீது ஆசையும் இருந்தது என்பதே இதன் பொருள். அந்த இழுபறி ஆல்பம் முழுக்க ஓடுகிறது. அதை அவர் மறைக்கவும் இல்லை. நிலை மாறிய பிறகு அதே பாட்டைத் திருப்பிப் போடவும் இல்லை. அடுத்த ஆல்பமான ‘மெலோட்ராமா’வுக்கு 2017 வரை நேரம் எடுத்துக்கொண்டார். அதில் புறநகர்ப் பிள்ளைகளின் ‘நாங்கள்’ இல்லை. காதல் முறிந்து தனியாக நிற்கும் இருபது வயதுப் பெண் இருக்கிறார். அந்தந்த வயதை அந்தந்த வயதில் எழுதுவது என்ற ஒழுக்கத்தைத்தான் இங்கே பார்க்கிறேன்.

லோர்ட் இதில் தனி ஆள் அல்ல. 1978இல் இங்கிலாந்தின் கேட் புஷ் பத்தொன்பது வயதில் ‘தி கிக் இன்சைட்’ என்ற முதல் ஆல்பத்தைக் கொடுத்தார். எமிலி பிராண்டியின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ நாவலை வைத்து எழுதிய பாட்டை முதலில் வெளியிட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றார். நிறுவனம் வேறொரு பாட்டைத்தான் விரும்பியது. அவர் சொன்ன பாட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் 4 வாரம் முதலிடத்தில் நின்றது. தானே எழுதிய பாடலோடு அந்த இடத்தை எட்டிய முதல் பெண் அவர். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளியில், உலகின் இரு மூலைகளில் நடந்தது ஒன்றுதான். இளையவருக்கு எது பொருந்தும் என்ற பெரியவர்களின் கணக்கு தவறியது. அந்த இளையவரின் கணக்கு சரியாக இருந்தது.

நம் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளிலும் பிள்ளைகள் பெரியவர்களின் காதலையும் பிரிவையும் சுருதி பிசகாமல் பாடுகிறார்கள். நடுவர்கள் கண் கலங்குகிறார்கள். நாமும் கை தட்டுகிறோம். அந்த உழைப்பு பெரியது. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால், பள்ளி மேடையில் மற்றவர் பாடல்களைப் பாடிய சிறுமியை அதோடு நிறுத்தியிருந்தால் ‘பியூர் ஹீரோயின்’ கிடைத்திருக்காது. தங்கள் தெருவையும், தோழர்களையும், விடுமுறை நாளின் சலிப்பையும் பற்றிச் சொல்ல அந்தப் பிள்ளைகளிடமும் ஏதாவது இருக்கும். பாடி முடித்த பிள்ளையிடம் வயதைக் கேட்பதோடு விட்டுவிடாமல், ‘நீயே எழுதின பாட்டு ஏதாவது வெச்சிருக்கியா, பாடிக் காட்டேன்’ என்று ஒரு முறை கேளுங்கள்.