‘லி’ சேர்த்தால் ஆங்கிலம் வந்துவிடாது



நம் பிள்ளைகளின் டியூஷன் கொப்பியைத் திறந்து பாருங்கள். வினையடை என்றால் ஒரே ஒரு பாடம்தான்: பெயரடையோடு ‘லி’ சேர். ஸ்லோ - ஸ்லோலி, குயிக் - குயிக்லி. பட்டியலைப் பாடமாக்கி ஒப்புவித்தால் பாடம் முடிந்துவிடுகிறது. வாப்பா உம்மாவுக்கும் சந்தோஷம். இதைப் படிப்பு என்று நாம் இனியும் சொல்லிக்கொண்டிருக்கலாமா?

பிள்ளை ‘லி’யை நம் தமிழ் ‘ஆக’ என்றே நினைத்துக்கொள்கிறது. ‘வேகமாக’ என்றால் ‘ஃபாஸ்ட்லி’ என்று எழுதுகிறது. சரியான சொல் ‘ஃபாஸ்ட்’ மட்டும்தான். ‘பிந்தி வந்தான்’ என்பது ‘ஹி கேம் லேட்லி’ ஆகிறது. ‘லேட்லி’ என்றால் அண்மைக்காலமாக. ‘ஃப்ரெண்ட்லி’யில் ‘லி’ இருக்கிறது, ஆனால் அது பெயரடை.

எல்லாவற்றிலும் மோசமானது ‘ஐ வேர்க்ட் ஹார்ட்லி’. கடுமையாக உழைத்தேன் என்று சொல்ல நினைத்து, நான் வேலையே செய்யவில்லை என்ற மாதிரி எழுதிவிடுகிறது. நாளைக்கு வேலை விண்ணப்பத்தில் இந்த வசனம் போனால், வாசிப்பவர் சிரித்துவிட்டு அடுத்த விண்ணப்பத்தை எடுப்பார்.

இடமும் முக்கியம். தமிழில் வினை கடைசியில், வினையடை அதற்கு முன்னால். ஆங்கிலத்தில் பெரும்பாலும் எப்படி, எங்கே, எப்போது என்ற வரிசை: ‘ஷி ஸ்போக் வெல் அட் ஸ்கூல் யெஸ்டர்டே’. ‘ஒல்வேய்ஸ்’ போன்றவை வினைக்கு முன்னால் வரும்: ‘ஹி ஒல்வேய்ஸ் கம்ஸ் லேட்’. ஆனால் ‘இஸ்’ஸுக்குப் பின்னால்: ‘ஹி இஸ் ஒல்வேய்ஸ் லேட்’. இதைப் பட்டியல் சொல்லித்தராது, வசனம்தான் சொல்லித்தரும்.

“பரீட்சைக்கு இது போதும்” என்பார்கள். ஓ.எல். பரீட்சையில் கடிதமும் கட்டுரையும் எழுதச் சொல்கிறார்களே, அங்கே பட்டியலையா எழுதுவது?

குர்ஆன் ஓதும்போது ஒரு ஹரகத் மாறினால் பொருள் மாறும் என்று உடனே நிறுத்தித் திருத்துகிற சமூகம் நாம். சொல்லின் பெறுமதி நமக்குத் தெரியாததல்ல. ஆங்கிலம் என்றதும் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

மாதாமாதம் காசு கட்டுகிறோம். கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. “எத்தனை சொல் பாடம்?” என்று கேட்பதை விடுவோம். “இன்றைக்கு என்ன செய்தாய்? எப்படி, எங்கே, எப்போது? மூன்று வசனம் எழுது” என்று கேட்போம். ஒரு தவணை விடாமல் செய்தால், இன்ஷா அல்லாஹ், வித்தியாசம் நம் கண்ணுக்கே தெரியும்.