ராக்கெட் பார்க்கப் போனோம், பார்க்கவில்லை



கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. "பிள்ளைங்கள எங்க சார் கூட்டிட்டுப் போகலாம்?" என்று வழக்கம்போல் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஊட்டி, கொடைக்கானல், ஈ.சி.ஆர். பக்கத்துத் தண்ணீர்ப் பூங்காக்கள் எல்லாம் உங்களுக்கே தெரியும். என்னைக் கேட்டால், ஸ்ரீஹரிகோட்டாவில் அந்தச் சமயத்தில் ராக்கெட் ஏவுகிறார்களா என்று முதலில் பாருங்கள் என்பேன். ஏவினால் குடும்பத்தோடு போய்வாருங்கள். கடைசி நேரத்தில் நிறுத்திவிட்டாலும் வருத்தப்படாதீர்கள். நான் அப்படி நின்றுபோன ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவன். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

2019 ஜூலை. காஞ்சிபுரத்தில் இருப்பவர்களுக்கு அந்த மாதத்தைச் சொல்லவே வேண்டாம். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வரும் அத்திவரதரைத் தரிசிக்கத் தமிழ்நாடே எங்கள் ஊருக்குள் வந்திருந்தது. தெருவில் நடக்க இடம் கிடையாது. அந்தக் கூட்டத்தில் நாங்கள் மட்டும் எதிர்த்திசையில் கிளம்பினோம். ஜூலை 15, திங்கட்கிழமை விடியற்காலை 2.51 மணிக்குச் சந்திரயான்-2 ஏவப்போகிறார்கள். பேத்தி அப்போது ஐந்தாம் வகுப்பு. "நிலாவுக்குப் போறத நேர்ல பாக்கணும் தாத்தா" என்று ஒரே பிடிவாதம். மகன் இணையத்தில் பதிவு செய்தான். கட்டணம் ஏதுமில்லை. ஏவுதலைப் பொதுமக்கள் பார்க்க ஐயாயிரம் பேர் உட்காரும் அளவுக்கு ஒரு பார்வையாளர் மாடம் அந்த ஆண்டுதான் திறந்திருந்தார்கள்.

ஞாயிறு மதியமே வேனில் புறப்பட்டோம். ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் வழியாகப் போய்க் கல்கத்தா நெடுஞ்சாலையைப் பிடித்து, கும்மிடிப்பூண்டி, தடா தாண்டி சூளூர்பேட்டை. அங்கிருந்து கிழக்கே திரும்பினால் பழவேற்காடு ஏரியின் நடுவே நேராக ஒரு சாலை. இரண்டு பக்கமும் தண்ணீரும் சேறும். அந்தச் சாலைக்கே ஒருமுறை போகலாம். என் மனைவி மிளகு, சீரகம், சுக்கு போட்டுக் காஞ்சிபுரம் இட்லி செய்து எடுத்து வந்திருந்தாள். இரண்டு நாளானாலும் கெடாது.

வேன் ஓட்டியது என் பழைய மாணவன். பெயர் வேண்டாம். பிள்ளையார்பாளையத்தில் பட்டுத்தறியில் உட்கார்ந்திருந்தவன். கூலி கட்டுப்படியாகாமல் தறியை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவன். எங்கள் ஊரில் இப்படி எத்தனையோ பேர்.

மாடத்தில் திருவிழாக் கூட்டம். தூரத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஏவுதளம். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருந்ததால் நிலாவும் பெரிதாக இருந்தது. பேத்தி நிலாவைப் பார்ப்பாள், பிறகு ஏவுதளத்தைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள். கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. ஏவுதலுக்கு 56 நிமிடம் 24 விநாடி இருக்கும்போது நின்றது.

கொஞ்ச நேரம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அறிவிப்பு வந்தது. ஏவுகலத்தில் தொழில்நுட்பக் கோளாறு தென்பட்டிருக்கிறது, முன்னெச்சரிக்கையாக இன்றைய ஏவுதல் நிறுத்தப்படுகிறது, புதிய தேதி பின்னர் சொல்லப்படும். அவ்வளவுதான். அன்று குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் அங்கே வந்திருந்தார். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படியும் நிறுத்தினார்கள்.

எனக்கு முன்வரிசையில் ஒருவர் கோபமாகப் பேசினார். "இவ்வளவு தூரம் வந்தது வேஸ்ட்டு." உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது அப்படித்தான் இருந்தது. பேத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள்.

வேனுக்குத் திரும்பினோம். "என்ன சார், சத்தமே கேக்கல?" என்றான் அவன். விஷயத்தைச் சொன்னேன். அவனுக்கு ஆச்சரியமே இல்லை. "தறியில இழை அறுந்தா நிறுத்துவோம்ல சார், அந்த மாதிரிதான?" என்றான்.

என் அப்பாவும் குழித்தறியில் உட்கார்ந்தவர்தான். எனக்குத் தெரியாத விஷயமில்லை. பாவில் ஆயிரக்கணக்கான இழைகள். ஒன்று அறுந்தால் தறி நிற்கும். அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் மறுபடி கோத்துவிட்டுத்தான் அடுத்த ஊடை ஓடும். "ஒரு இழைதானே" என்று ஓட்டினால் அந்தக் குறை சேலை நெடுகப் போகும். நெய்பவருக்குச் சேலைக்குத்தான் கூலி. நிறுத்தும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு நஷ்டம். ஆனாலும் நிறுத்துவார்.

சூளூர்பேட்டையில் டீ குடிக்க இறங்கினோம். பிள்ளைகளும் மற்றவர்களும் வேனில் தூங்கிவிட்டார்கள். பேச்சு பழைய கதைக்குப் போனது. அவன் ஒன்பதாம் வகுப்பு அரையாண்டோடு பள்ளியை விட்டவன். கோர்வைச் சேலைக்கு மறுபக்கம் உட்கார்ந்து நாடா தள்ள ஆள் வேண்டுமென்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள் என்றுதான் இத்தனை காலம் நான் நினைத்திருந்தேன். "வறுமையால் இடைநின்ற மாணவன்" என்று கூட்டங்களில் அவனை உதாரணமாகச் சொல்லியும் இருக்கிறேன்.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "வீட்ல யாரும் நிறுத்தல சார். நானாதான் நின்னேன். பின்னம் வந்ததுலேர்ந்து கணக்குல ஒண்ணுமே புரியல. நீங்க போய்க்கினே இருந்தீங்க. தறியில உக்காந்தா புரிஞ்சுது."

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. ஏதோ வெயில், மழை பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னான். டீக்காசையும் அவனே கொடுத்தான்.

நண்பர்களே, அவனுக்குப் புரியவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். எந்த ஆசிரியருக்கும் தெரியும், முகத்தைப் பார்த்தால் போதும். ஆனால் அரையாண்டுக்குள் போர்ஷனை முடிக்க வேண்டும். முடித்தேன். எல்லா வருடமும் முடித்தேன். குறித்த காலத்தில் முடிப்பவர் என்று எனக்கு நல்ல பெயர். தறியில் குறை இருந்தால் நெய்தவரின் கூலியில் பிடிப்பார்கள். என் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட யாரும் பிடித்ததில்லை.

அன்று நிறுத்தியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்து ஒரே வாரத்தில், ஜூலை 22 மதியம் 2.43 மணிக்கு ஏவினார்கள். ராக்கெட் தன் வேலையைச் சரியாக முடித்தது. செப்டம்பரில் விக்ரம் தரையிறங்கி நிலவில் மோதியது வேறு கதை. அங்கேயும் எங்கே பிழை என்று உட்கார்ந்து பார்த்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர், பாலிடெக்னிக்கில் டிப்ளமோவிலிருந்து தொடங்கியவர்.

நிறுத்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கதை இருக்கிறது. 1986 ஜனவரி 28, அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம். முந்தைய இரவு கடுங்குளிர். பூஸ்டர் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள் இந்தக் குளிரில் சரியாக வேலை செய்யாது, ஏவ வேண்டாம் என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்களே வாதாடினார்கள். ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போன பயணம். மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை. 73 விநாடிகளில் விண்கலம் வானிலேயே சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். அதில் ஒருவர் கிறிஸ்டா மெக்காலிஃப், பள்ளி ஆசிரியை. விண்வெளியிலிருந்து பாடம் நடத்தப்போகிறார் என்று பள்ளிப்பிள்ளைகள் வகுப்பறைகளில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆசிரியனாக இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

"நாற்பது பேர் வகுப்பில் ஒருவனுக்காக நிறுத்தினால் மற்ற முப்பத்தொன்பது பேர் என்ன செய்வார்கள்?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் இதையே சொல்லித்தான் முப்பது ஆண்டுகள் ஓட்டினேன். என் அனுபவத்தில் அறுவது ஒருவனுக்கு மட்டும் அல்ல. பின்னத்தில் ஒருவன் நின்றால் கூடவே பத்துப் பேர் வாய் திறக்காமல் நிற்கிறார்கள். கழித்தலில் கடன் வாங்குவது, வகுத்தல், தசமப் புள்ளி, ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டுவது என அறும் இடங்கள் வருடா வருடம் ஒன்றேதான். முடிச்சுப் போட ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரத்தைக் கொடுக்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை, மேலிடத்திலும் கேட்கிறார்கள்.

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் சிறு வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்', 2025-ல் ஆறு முதல் ஒன்பது வரை 'திறன்' என்று திட்டங்கள் வந்தன. நல்ல யோசனைகள், வரவேற்கிறேன். ஆனால் ஒரு கையால் "நிறுத்திச் சொல்லிக்கொடு" என்று திட்டத்தைக் கொடுத்துவிட்டு, மறுகையால் "போர்ஷன் எங்கே நிற்கிறது?" என்று பதிவேட்டைப் புரட்டினால் ஆசிரியர் எதற்குப் பயப்படுவார்? நிறுத்தும் அதிகாரம் வகுப்பில் நிற்பவரிடம் இருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவில் அப்படி இருந்ததால்தான் குடியரசுத் தலைவர் உட்கார்ந்திருந்தும் கடிகாரம் நின்றது.

சரி, ராக்கெட்டைப் பார்த்தோமா இல்லையா? பார்த்தோம். நடுவில் கொரோனா வந்துவிட்டதால் நான்கு வருடம் ஆனது. 2023 மே 29, திங்கட்கிழமை, கோடை விடுமுறை. காலை 10.42-க்கு ஜி.எஸ்.எல்.வி. எஃப்-12. அதே வேன், அதே ஓட்டுநர். இந்தமுறை அவனுடைய மகளையும் அழைத்துவரச் சொன்னேன். எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள்.

அந்த ராக்கெட்டுக்கும் ஒரு கதை உண்டு. அதே வகை ராக்கெட் 2021 ஆகஸ்டில் தோற்றது. மேலடுக்கில் திரவ ஹைட்ரஜன் தொட்டியில் ஒரு வால்வு கசிந்து, அழுத்தம் குறைந்து, இயந்திரம் இயங்கவில்லை. காரணத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள், திருத்தினார்கள், அதன்பிறகு அந்த வகை பறந்தது நாங்கள் பார்க்கப்போன அன்றுதான். அது சுமந்து சென்ற வழிகாட்டிச் செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த அணுக்கடிகாரம் முதன்முறையாகப் போனது. முன்பு வெளிநாட்டிலிருந்து வாங்கி வைத்த கடிகாரங்கள் சில வானத்தில் பழுதாகிவிட்டன. அதனால் நாமே செய்தோம்.

வெயில் மண்டையைப் பிளந்தது. திடீரென்று மரங்களுக்கு மேலே நெருப்பு எழுந்தது, சத்தமே இல்லாமல். பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்: நெருப்பைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள், சத்தம் காதில் விழுந்ததும் நிறுத்துங்கள். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று விநாடி. அப்படியானால் ஒரு விநாடிக்கு மூன்றில் ஒரு பங்கு கிலோமீட்டர். ஏவுதளம் எவ்வளவு தூரம்? எத்தனை விநாடி எண்ணினார்கள் என்று நான் சொல்லமாட்டேன், நீங்களே போய் எண்ணிப்பாருங்கள். சத்தம் வந்தபோது நெஞ்செலும்பு அதிர்ந்தது, அதை மட்டும் சொல்கிறேன்.

பேத்தி கணக்கைப் போட்டுவிட்டாள். அவன் மகள் மூன்றில் ஒன்று என்ற இடத்தில் திணறினாள். ராக்கெட் மேகத்துக்குள் மறைந்துகொண்டிருந்தது, எல்லாரும் தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் படிக்கட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு இட்லியை மூன்றாக்கினேன். அவளுக்குப் புரிவதற்குள் பின்னால் நின்றுகொண்டிருந்த அவள் அப்பா விடையைச் சொல்லிவிட்டான். "அப்பா, நீ சும்மா இரு" என்றாள் அவள். பிறகு அவளே போட்டாள். ராக்கெட்டின் கடைசிப் பகுதியை நான் பார்க்கவில்லை. வருத்தமில்லை.

போகிறவர்களுக்கு: முன்பதிவு இணையத்தில்தான், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆதார் அட்டை, தொப்பி, நிறையத் தண்ணீர். தேதி தள்ளிப்போகலாம், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தள்ளிப்போனால் பிள்ளைகளிடம் "வேஸ்ட்டு" என்ற வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள்.

பள்ளி திறந்ததும் ஒன்று செய்யுங்கள். புதுப்புத்தகத்துக்கு அட்டை போடுவதற்கு முன், போன வருடம் எந்த இடத்தில் புரியாமல் போனது என்று பிள்ளையிடம் திட்டாமல் கேளுங்கள். பதில் வந்தால் வகுப்பாசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். ஆசிரிய நண்பர்களே, அப்படி ஒரு பெற்றோர் வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். என்னிடம் அப்படி யாரும் வரவில்லை. வந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேனா என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.