காப்பி விளையும் ஊரிலும் கலப்படமா?

காப்பித்தூள் விற்காத மளிகைக் கடை நம் பக்கத்தில் இல்லை. பொட்டலமாக விற்கிறோம், டப்பாவில் விற்கிறோம், சிலர் கொட்டை வறுத்து அரைத்தும் கொடுக்கிறோம். ஆனால் நம் கடைத் தூளின் விலையை எங்கோ இருந்து ஆட்டிவைக்கும் ஊர்களில் ஒன்றைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். வியட்நாம் நாட்டின் நடுமலைப் பகுதியில், டாக் லாக் மாகாணத்தின் தலைமையிடமாக விளங்கும் புவோன் மா துவோத் என்ற ஊர்தான் அது. ‘துவோத்தின் தந்தையுடைய ஊர்’ என்பது அங்குள்ள எடே பழங்குடி மக்களின் மொழியில் அந்தப் பெயருக்குப் பொருள். உச்சரிக்கக் கடினமான பெயர்தான். ஆனாலும் அந்த ஊரின் காப்பிக் கடைகளில் நடந்ததும் நடப்பதும் நம் வியாபாரத்துக்கு மிக நெருக்கமானவை.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம், எரிமலைப் பாறை உதிர்ந்து உண்டான செம்மண், ஒரு நீண்ட மழைக்காலம், ஒரு நீண்ட வறட்சிக்காலம். ரொபஸ்டா காப்பிக்கு ஏற்ற பூமி. வியட்நாமுக்குக் காப்பிச் செடியை 1857ஆம் ஆண்டில் பிரெஞ்சு கத்தோலிக்கப் பாதிரியார்கள் கொண்டுவந்தனர். பிறகு பிரெஞ்சு முதலாளிகள் இந்த மலைப் பகுதியில் தோட்டங்கள் போட்டனர். 1986இல் அந்நாட்டு அரசு ‘தோய் மோய்’ என்னும் சீர்திருத்தக் கொள்கையை அறிவித்து, தனியார் விவசாயத்துக்கும் வியாபாரத்துக்கும் வழிவிட்டது. அதன்பின் பதினைந்தே ஆண்டுகளில் வியட்நாம், பிரேசிலுக்கு அடுத்தபடி உலகின் இரண்டாவது பெரிய காப்பி நாடாகிவிட்டது. ரொபஸ்டாவில் முதலிடமே அதற்குத்தான்.

கிளாஸ் மேல் உட்காரும் பில்டர்

இந்த ஊரில் காப்பிக் கடை இல்லாத தெரு கிடையாது. நடைபாதையில் நான்கு பிளாஸ்டிக் முக்காலிகளைப் போட்டு நடத்தும் கடையும் உண்டு. மரம் செடி கொடிகளோடு, எடே மக்களின் நீண்ட மரவீட்டைப் போலக் கட்டிய பெரிய தோட்டக் கடையும் உண்டு. பெரும்பாலானவை சொந்த வீட்டின் முன்பகுதியிலேயே நடப்பவை. கணவன், மனைவி, பிள்ளைகளே முதலாளியும் வேலையாளும்.

காப்பி போடும் முறை நமக்கு அந்நியமானதல்ல. நம் வீட்டு பில்டர் குடும்பத்துக்கெல்லாம் சேர்த்து டிகாஷன் இறக்குகிறது. அவர்களுடைய ‘ஃபின்’ ஓர் ஆளுக்கு ஒன்று. அலுமினியத்திலோ எவர்சில்வரிலோ செய்த சிறு பில்டரைக் கிளாஸ் மேலேயே வைத்து, தூள் போட்டு, தட்டால் அழுத்தி, வெந்நீர் ஊற்றிக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும்வரை வாடிக்கையாளர் காத்திருப்பார். கிளாஸின் அடியில் கட்டிப்பால் இருக்கும். அந்நாட்டில் முன்பு கறவைப்பால் அரிது. டின் பால் போட்ட பழக்கம் அப்படியே ருசியாக நிலைத்துவிட்டது. வெயில் நேரத்தில் ஐஸ் போட்டுக் குடிப்பார்கள். கூடவே ஒரு கிளாஸ் ஐஸ் தேநீர் இலவசமாக வரும். காப்பி தீர்ந்தாலும் தேநீர் தீராது. உட்கார்ந்திருப்பவரை எழுப்பவும் மாட்டார்கள்.

இந்தக் கடைகளில் காலை வேளையில் அடிபடும் பேச்சு பெரும்பாலும் கொட்டை விலைதான். விவசாயிகளும் கொள்முதல் ஏஜெண்டுகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். உரம், ரொக்கம் இரண்டையும் அறுவடைக்கு முன்பே கடனாகக் கொடுப்பவர் அந்த ஏஜெண்டு. விவசாயி தன் கொட்டையை அவருடைய கிடங்கில் போட்டுவைத்து, விலை ஏறும்போது ‘இன்று என் சரக்கை முடித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லும் வழக்கமும் உண்டு. இந்த ஏற்பாடு பெரிதும் நம்பிக்கையின் மேல் நடப்பது. ஏஜெண்டு நொடித்துப்போனால் விவசாயியின் ஒரு வருட உழைப்பும் அவரோடு போய்விடும். அப்படிப் போனதும் பலமுறை உண்டு. மொத்த வியாபாரம் செய்யும் நம் நண்பர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பஞ்சத்தில் வந்த பழக்கம்

இனி விஷயத்துக்கு வருவோம். காப்பி மூட்டை மூட்டையாக விளையும் ஊரில் கலப்படம் எப்படி வரும்?

1975இல் போர் முடிந்தபின் 1986 வரை வியட்நாமில் பங்கீட்டுக் காலம். அரிசிக்கே சீட்டு. விளைந்த காப்பி அரசின் கைக்குப் போயிற்று. உள்ளூர்க்காரனுக்குக் கிடைத்தது சொற்பம். ஆகவே மக்காச்சோளத்தையும் சோயாவையும் கருக வறுத்துக் காப்பியோடு சேர்த்து அரைத்தார்கள். பஞ்சத்துக்கு அது நியாயம். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் பஞ்சம் போனபிறகும் கலவை போகவில்லை. சோயா சேர்ந்தால் டிகாஷன் கெட்டியாக இறங்கும், நுரை கட்டும். வறுக்கும்போது வெண்ணெய், சர்க்கரை, சில இடங்களில் மீன் சாறுகூடச் சேர்ப்பது அங்கே பழைய வழக்கம். இதையெல்லாம் குடித்துப் பழகிய நாக்கு, ‘இதுதான் காப்பி’ என்று முடிவு கட்டிவிட்டது. சுத்தமான காப்பியைக் கொடுத்தால், ‘என்னப்பா, தண்ணீராக இருக்கிறது?’ என்று கேட்கும் நிலை வந்தது. வாடிக்கையாளர் கேட்பதைத்தானே விற்கிறோம் என்பது அங்குள்ள தூள் வியாபாரிகளின் வாதம். நம் காதுக்கும் பழக்கமான வாதம்தான் இது.

மாற்றம் கடைக்காரர்களிடமிருந்தே வந்தது. கடந்த பதினைந்து ஆண்டுகளில் சிறு கடைக்காரர்கள் பலர் வறுக்கும் இயந்திரத்தைக் கடையின் முன்புறத்திலேயே, வாடிக்கையாளர் கண்ணெதிரே வைத்தார்கள். ‘சுத்தக் காப்பி’, ‘எதுவும் சேர்க்காத காப்பி’ என்று பலகை மாட்டினார்கள். முதலில் முகம் சுளித்தவர்கள் மெல்ல மெல்ல ருசி மாறினார்கள். அயல்நாட்டுப் பெரிய சங்கிலிக் கடைகள் அந்நாட்டுக்கு வந்தபோது சிறு கடைகள் சாய்ந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் ஸ்டார்பக்ஸ் 2013இல் வியட்நாமில் கால் வைத்தது. இன்றும் அங்கே தெருவுக்குத் தெரு நிற்பவை உள்ளூர்க் கடைகளே. குறைந்த விலை அதற்கு ஒரு காரணம். கொட்டை எந்தத் தோட்டத்தில் விளைந்தது, எத்தனை நாளைக்கு முன் வறுத்தது என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரர் எதிரில் நிற்பது இன்னொரு காரணம் என்று கருதுகிறோம். நாடெங்கும் கிளை பரப்பிய துருங் நுயென் நிறுவனமே 1996இல் இதே ஊரில் சிறிய அளவில் தொடங்கியதுதான்.

விலை ஏறும்போதுதான் சோதனை

விலை மலிவாக இருக்கும்போது நேர்மையாக இருப்பது பெரிய காரியமல்ல. 2023ஆம் ஆண்டு தொடக்கத்தில் புவோன் மா துவோத் பகுதியில் கொட்டை விலை கிலோ சுமார் 40,000 டாங். வறட்சி வந்தது. காப்பியைப் பிடுங்கிவிட்டு துரியன் பழமரம் வைத்தவர்கள் பலர். 2024 ஏப்ரலில் விலை ஒரு லட்சத்தைத் தாண்டி 1,20,000 டாங்கையும் எட்டியது. ஒன்றேகால் ஆண்டில் மூன்று மடங்கு! முன்பேரம் பேசியிருந்த சரக்கு வந்து சேராமல் ஏற்றுமதியாளர்கள் பலர் கைப்பிடித்தம் கண்டார்கள்.

இந்த நிலையில் கடைக்காரர் கலந்துதான் ஆக வேண்டுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஃபின் காப்பிக்குச் சுமார் 20 கிராம் தூள். வறுக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு எடை குறையும் என்று வைத்தால் 25 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும். கிலோ 40,000 டாங் விற்றபோது அதன் மதிப்பு 1,000 டாங். 1,20,000 விற்றபோது 3,000 டாங். ஆக, ஒரு கிளாஸுக்குக் கூடிய செலவு 2,000 டாங். சாதாரணக் கடையில் ஒரு கிளாஸ் காப்பி ஏறத்தாழ 15,000 முதல் 20,000 டாங் வரை. காப்பியைக் கிளாஸில் விற்பவருக்கு விலையில் சிறிது ஏற்றினால் போதும். கலக்க வேண்டிய அவசியமே இல்லை.

தூளாக விற்பவரின் நிலை வேறு. ஒரு கிலோ தூளுக்கு ஒன்றேகால் கிலோ கொட்டை. அவருடைய அடக்கம் 50,000 டாங்கிலிருந்து 1,50,000 டாங்குக்கு ஏறிவிடுகிறது. அந்த விலையைச் சொன்னால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். சோதனை முழுவதும் தூள்காரர் தலையில்தான் விழுகிறது. அதாவது, நம்மைப் போன்றவர்கள் தலையில். 2024இல் நம் நாட்டிலும் ரொபஸ்டா விலை ஏறியதையும், தூள் விலையை மாற்றி எழுத நாம் தயங்கியதையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

கலப்பது வேறு, மறைப்பது வேறு

இந்த இடத்தில் நம் பழக்கம் ஒன்றைப் பெருமையாகவே சொல்லலாம். நாமும் கலக்கிறோம், சிக்கரி கலக்கிறோம். ஆனால் ‘எண்பதுக்கு இருபது போடுங்கள்’ என்று வாடிக்கையாளரே கேட்டு வாங்குகிறார். காப்பி-சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது, பொட்டலத்தின் மேல் விகிதத்தை அச்சிட வேண்டும் என்று நம் சட்டமும் சொல்கிறது. சொல்லிக் கலந்தால் அது கலவை. சொல்லாமல் கலந்தால் அது கலப்படம். மக்காச்சோளம் விஷமல்ல, சோயாவும் விஷமல்ல. அவற்றைக் காப்பி என்ற பெயரில், காப்பி விலைக்கு விற்றதுதான் அங்கே நடந்த தவறு.

மறைத்துக் கலக்கத் தொடங்கிவிட்டால் அது எங்கே போய் முடியும் என்பதையும் அந்த மலைப் பகுதியே காட்டிவிட்டது. 2018 ஏப்ரலில், பக்கத்திலிருந்த அப்போதைய டாக் நோங் மாகாணத்தில், கழிவுக் காப்பிக் கொட்டையையும் தோலையும் பழைய பேட்டரிக்குள் இருக்கும் கரும்பொடியால் சாயமேற்றிய ஒரு கிடங்கைப் போலீசார் பிடித்தனர். காப்பியில் கலக்கத்தான் என்று முதலில் செய்தி பரவி, அந்நாட்டுக் காப்பியின் பெயரே கெட்டது. விசாரணையில், அது மிளகில் கலப்பதற்காகப் போன சரக்கு என்று தெரிந்தது. ஆனால் முதல் செய்தி ஓடிய தூரம் இரண்டாவது செய்தி ஓடவில்லை. ஒருவர் செய்த அக்கிரமத்துக்கு, ஒரு பாவமும் அறியாத ஆயிரம் காப்பிக் கடைக்காரர்கள் வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்ய வேண்டியதாயிற்று. மிளகில் பப்பாளி விதை என்ற பேச்சு கிளம்பும்போதெல்லாம் நாம் படும் பாடும் இதுதானே?

பெயருக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதை அந்த ஊர்க்காரர்கள் இன்னொரு விதத்திலும் அறிந்தார்கள். 2005இல் ‘புவோன் மா துவோத்’ காப்பிக்கு வியட்நாம் அரசு புவிசார் குறியீடு வழங்கியது. ஆனால் சீனாவில் ஒரு நிறுவனம் அதே ஊர்ப் பெயரைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டிருந்தது 2011இல் வெளிச்சத்துக்கு வந்தது. தங்கள் ஊர்ப் பெயருக்காகத் தாங்களே அயல்நாட்டில் முறையிட்டு வழக்காட வேண்டியதாயிற்று. அயலாருக்கே அந்தப் பெயரில் காசு தெரிந்திருக்கும்போது, அதை உள்ளூர்க் கடைக்காரர் நான்கு கிலோ சோளத்துக்காகக் கெடுத்துக்கொள்ளலாமா?

நாம் செய்யக்கூடியவை

வறுக்கும் இயந்திரத்தை எல்லோரும் கடை வாசலில் வைக்க முடியாது. ஆனால் மூன்று காரியங்கள் எல்லோராலும் முடியும். தூளை உதிரியாக விற்பவர்கள், எந்தக் கொட்டை, எவ்வளவு சிக்கரி, என்றைக்கு அரைத்தது என்று டப்பாவின் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டலாம். மலிவாகக் கேட்பவருக்குச் சிக்கரி கூடுதலான தூளை, அப்படியே சொல்லி, அதற்குரிய விலைக்குக் கொடுக்கலாம். எவரிடம் வாங்கினாலும் பில்லோடு வாங்க வேண்டும். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவர் கொடுக்கும் பில்லே சரக்கின் தரத்துக்கு உத்தரவாதமாகக் கருதப்படும். பில் இல்லாத சரக்கில் யாரோ செய்த கலப்படம் நம் தலையில்தான் வந்து விடியும்.

விலை ஏறினால் ஏறிய விலையைச் சொல்லுவோம். அன்றைக்கு இரண்டு பேர் அடுத்த கடைக்குப் போகலாம். ஆனால் ருசி தெரிந்தவர் திரும்பி வருவார். ஏமாந்தது தெரிந்தவரோ காப்பித்தூளுக்கு மட்டுமல்ல, உப்புக்கும் புளிக்கும்கூட நம் கடைப் படி ஏற மாட்டார்.